உடைக்க வேண்டாம் என்று நான் சொன்ன பூட்டு

மகனே,

நேற்று நீ ஃபோனில் கேட்டதற்கு "சரிடே, அப்படியே செஞ்சிருவோம்" என்று சொன்னேன் அல்லவா? அது செல்லாது. அம்மாவைத் தூத்துக்குடிக்கு என்னோடு கூட்டிக்கொள்கிறேன், கீழ வயலை வாழைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம், இந்தப் பிசான நடவுக்கே அவள் சேற்றில் கால் வைக்கக்கூடாது என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நானும் ஒரு வார்த்தை யோசிக்காமல் சரி என்றேன். ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அம்மா அடுக்களை வாசலில் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "யாரு வயல யாருக்கு விடுதிய?" என்று கேட்டாள். கேட்ட கையோடு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். அதன் பிறகு இந்த நேரம் வரை அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இதை ஃபோனிலேயே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். ஃபோனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் யாருக்காகப் பேச ஆரம்பித்தோம் என்பதே இருவருக்கும் மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் வீட்டுக்காரியும் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. நான் சொல்லப்போவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. அது நடந்த அன்றைக்கு நீ நிச்சயதார்த்த மேடையில் மோதிரம் மாற்றிக்கொண்டிருந்தாய்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஏரலில் உரக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஊரில் எல்லோருடைய பிரச்சினைக்கும் "நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்று சொல்லியே பழகியவன். சொன்னால் செய்தும் முடிப்பேன், அதில் எனக்குப் பெரிய பெருமை. நீ ப்ளஸ் டூ முடித்தபோது என்ன படிக்க ஆசை என்று உன்னை நான் கேட்கவேயில்லை. கடைக்கு யூரியா வாங்க வந்த வாத்தியாரிடம் கேட்டு, அவர் சொன்ன படிப்பில் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு வாரம் நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது, அது உனக்குப் பிடித்தும் போய்விட்டது. அது என் கெட்ட நேரம். உனக்கு நல்லதாக முடிந்ததால் எனக்குத் திமிர் கூடிவிட்டது. இனி யாரையும் கேட்க வேண்டாம், நாம் நினைத்ததுதான் சரி என்று மனதில் உட்கார்ந்துவிட்டது.

நம் வயல் கடைமடை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வருகிற தண்ணீர் வழியில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிச்சம் மீதியாகத்தான் கொற்கை தாண்டி நம்மிடம் வந்து சேரும். கோடையில் அதுவும் வராது. அதற்குப் பதிலாக வடிகால் வழியே கடல் ஏறி வரும். முன்னே வராத தூரத்துக்கெல்லாம் இப்போது வருகிறது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கிறது. மழையோ, பெய்யாமல் பெய்யாமல் இருந்து ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. "மழைக்கு இப்போ மாசம் தெரிய மாட்டேங்குது, நாமதான் அதுக்குச் சொல்லிக்குடுக்கணும் போலிருக்கு" என்று உன் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். வயலை விட்டுப் போகிற ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஒருவன் துறைமுகத்துக்கு, ஒருவன் லாரிக்கு, ஒருவன் துபாய்க்கு. மிச்சம் நிற்பது பெண்கள். ஆபீசில் கேட்டால் விவசாயி நான்தான். பட்டா என் பேரில் இருக்கிறது, கூட்டத்தில் நாற்காலி எனக்குத்தான். சேற்றில் இறங்குகிறவள் அவள்.

அவளும் பேச்சியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து கீழ வயல்களை ஒன்றாகப் போட்டுச் செய்ய ஆரம்பித்த கதை உனக்குத் தெரியும். பேச்சியை மறந்திருக்க மாட்டாய். உன் கையில் எப்போதும் அவித்த பனங்கிழங்கைத் திணிக்கிறவள். விவசாய ஆபீசிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து, உப்பையும் தாங்கும், சில நாள் முங்கிக் கிடந்தாலும் தாங்கும் என்று ஒரு நெல்லைப் பற்றிச் சொன்னது. அந்தப் பெண் முதல் கூட்டத்தில், "உங்களுக்கெல்லாம் என்ன தேவைப்படுது, சொல்லுங்க" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டது. நான் எழுந்து நின்று கால் மணி நேரம் பதில் சொன்னேன். "ஐயா, அவங்க சொல்லட்டுமே" என்றது. "அவங்க சொல்லுறதத்தாம்மா நான் சொல்லுதேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அது எனக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். உன் அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

இனி ஷட்டர் விஷயத்துக்கு வருகிறேன். வடிகால் முடிகிற இடத்தில் இருக்கிறதே அந்த இரும்புப் பலகை, அதை இறக்கி வைத்தால் உவர்த் தண்ணீர் உள்ளே ஏறாது. ஏற்றிவிட்டால் வயலில் நிற்கிற மழைத் தண்ணீர் வெளியே போகும். எப்போது இறக்குவது, எப்போது ஏற்றுவது என்பதில்தான் கீழ வயல்காரர்களின் பிழைப்பே இருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின மாசியில், அறுப்புக்கு நின்ற நேரத்தில் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. பேச்சி யாரையும் கேட்காமல் போய்ப் பலகையைத் தூக்கிவிட்டாள். கதிர் பிழைத்தது. ஆனால் துருப்பிடித்த பலகை, அவள் ஒருத்தியால் திரும்ப இறக்க முடியவில்லை. ஆள் வருவதற்குள் உவர்த் தண்ணீர் ஏறி மேலே ரெண்டு மூணு வயலுக்குள் போய்விட்டது. அவர்கள் என் கடை முன்னால் வந்து கத்தினார்கள். நான்தானே வாய்க்கால் சங்கத் தலைவர்! கூட்டம் போட்டேன். பேச்சியை நடுவில் நிறுத்தி, "பொம்பள மடையில கைய வச்சா இப்படித்தான் ஆகும்" என்றேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "தெரியாம செஞ்சிட்டேன் அண்ணாச்சி" என்று அவள் கேட்டாள். தெரிந்துதான் செய்தாள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மறுநாளே சங்கிலி போட்டு ஒரு பெரிய பூட்டு மாட்டினேன். சாவியை என் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

உன் நிச்சயதார்த்தம் போன கார்த்திகைக் கடைசியில் நடந்தது. நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்து நின்றது. உப்புக்குப் பயந்து பலகையை இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் நாங்கள் தூத்துக்குடிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் வரும்போதே உன் அம்மா, "சாவிய பேச்சிட்ட குடுத்துட்டு வந்திருக்கலாம்லா" என்றாள். "ஒரு நாளுதான, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். காலையில் மண்டபத்தில் மேளம் ஆரம்பித்தபோதே மழையும் ஆரம்பித்தது. நல்ல சகுனம் என்று சம்பந்தி சொன்னார். உன் அம்மா பட்டுச்சேலையோடு ஜன்னல் பக்கமே நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். அவள் மழையை அளந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரியவில்லை.

பந்தி நடக்கும்போது பேச்சியிடமிருந்து ஃபோன். இலைக்கு முன்னால் நான் சம்பந்தியோடு உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா என் பின்னால் வந்து குனிந்து, "வயல்ல தண்ணி முழங்காலுக்கு மேல ஏறிட்டாம். பூட்ட ஒடைக்கட்டான்னு பேச்சி கேக்கா. ஒடைக்கச் சொல்லட்டா?" என்று கேட்டாள். சம்பந்தி திரும்பிப் பார்த்தார். எனக்கு மானம் போனது போல இருந்தது. நான் போட்ட பூட்டை ஒரு பெண் உடைப்பதா, அதுவும் அந்தப் பேச்சியா! "ஏளா, நல்ல காரியம் நடக்கிற எடத்துல என்ன பேச்சு இது? ஒடைக்க வேண்டாம்னு சொல்லு. சாயங்காலம் போய் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். உன் அம்மா ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோனாள். பிறகு, "அவரு வேண்டாங்காருளா பேச்சி" என்று சொன்னாள். அவ்வளவுதான். நான் பாயாசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ரோடு இல்லை. பாலத்துக்கு மேலே ஆறு போகிறது என்றார்கள். ஃபோன் டவரும் போய்விட்டது. அந்த நாட்களில் உன் வாடகை வீட்டில் நாங்கள் அடைந்து கிடந்தோமே, நீ உன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தாய். அது காய்ச்சல் இல்லை மகனே. சாவி என் இடுப்பில் இருந்தது. குளிக்கும்போதெல்லாம் அது என் கையில் இடறியது.

தண்ணீர் வழிவிட்டு நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது மேல வயல்களில் வெள்ளம் வடிந்து பயிர் தலை தூக்கியிருந்தது. நம் பக்கம் மட்டும் தண்ணீர் அப்படியே கிடந்தது. கெட்ட நாற்றம். அந்த நெல் சில நாள் தாங்கும் என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருந்தது, இத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லவில்லை. பேச்சி வடிகால் கரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கடப்பாரை கிடந்தது. அன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்தது, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் அங்கேயே போட்டு வைத்திருக்கிறாள். "நீங்க வேண்டாம்னியளாமே அண்ணாச்சி" என்றாள். குத்திக்காட்டுகிற குரல்கூட இல்லை. நான் சாவியை எடுத்துப் பூட்டில் போட்டேன். திரும்பவில்லை. உள்ளே முழுக்க மண்டி அடைத்திருந்தது. திருகுகிறேன், திருகுகிறேன், அசையவேயில்லை. பேச்சி எழுந்து வந்தாள். "தள்ளுங்க" என்றாள். கடப்பாரையால் ஓங்கி ஒரு போடு போட்டாள். பூட்டு தெறித்து வாய்க்காலில் விழுந்தது. அவ்வளவு லேசு அது.

ஊரில் என்னைத் தேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மழைக்கு ஷட்டர் திறந்திருந்தாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பார்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. என்னை அரிப்பது வேறு. கையில் கடப்பாரையோடு, முழு உரிமையோடு, கண் முன்னால் பயிர் முங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நின்றிருக்கிறாள், ஒரே ஒரு அடி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? கூட்டத்தின் நடுவில் நான் அவளை நிறுத்திய நிறுத்து அப்படி. மழையையும் கடலையும் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. அதுகள் எதையும் யாரிடமும் கேட்டுச் செய்வதில்லை. நாம்தான் கேட்டுச் செய்யச் சொல்லி ஒருத்தியைப் பழக்கினோம்.

பேச்சி அதோடு வயலை விட்டுவிட்டாள். இப்போது தூத்துக்குடி பக்கம் மாப்பிள்ளையூரணியில் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு உப்பளத்துக்குப் போகிறாள். பங்குனியில் உன் அம்மா போய்க் கூப்பிட்டாள், நானும் கூடப் போனேன். வெயிலில் உப்பு வாரி வாரி அவள் கால் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. உப்புக்குப் பயந்துதானே நெல்லை மாற்றினோம், அவளைக் கொண்டுபோய் உப்பிலேயே தள்ளிவிட்டேனே என்று நினைத்தேன். "வாங்கண்ணாச்சி, நல்லாருக்கியளா?" என்று கேட்டு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். உன் அம்மா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். "இல்லக்கா, அன்னைக்கே நான் ஒடச்சிருக்கணும். யாருட்டயும் கேட்டிருக்கக் கூடாது. எனக்கு என் மேலதான் கோவம். அந்தக் கரையில திரும்ப வந்து நிக்க எனக்குக் காலு வரல" என்றாள். என் மேல் கோபம் என்று அவள் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்தாவது கூட்டி வந்திருப்பேன். தன் மேலேயே கோபப்படுகிறவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உன் கல்யாணம் முடிந்த பிறகு வைகாசிக் கடைசியில் ஒரு கூட்டம் போட்டேன். புதுப்பூட்டு ஒன்று வாங்கி, ரெண்டு சாவியில் ஒன்றை எல்லோர் முன்னாலும் உன் அம்மா கையில் கொடுத்தேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். உன் அம்மா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாவி எதுக்கு எங்களுக்கு? பூட்டே வேண்டாம்னுல்லா சொல்லுதோம்" என்றாள். விவசாய ஆபீஸ் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் முகம் மலர்ந்தது. ஒரு பெண் தனியாகச் சுற்றினாலே ஏறி இறங்குகிற மாதிரிப் பலகையில் சக்கரம் வைக்க வேண்டும், வாரம் ஒருத்தி அதைப் பார்த்துக்கொள்வாள், ஏற்றுவதும் இறக்குவதும் அந்த வாரத்துக்காரி முடிவு, தப்பாகப் போனாலும் யாரும் யாரையும் நடுவில் நிறுத்தக்கூடாது. இதெல்லாம் அவர்கள் முன்பே தங்களுக்குள் பேசி வைத்திருந்தது. கடைசியில் சொன்னது எனக்காகச் சொன்னது. நான் புதுப்பூட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சக்கரம் ஆடியில் வந்து மாட்டியாகிவிட்டது. அது சத்தமே இல்லாமல் சுற்றுகிறது.

விதை நெல் எல்லாம் அழுகிப்போயிற்றே, அதற்கும் உன் அம்மாதான் வழி கண்டாள். முந்தின வருஷம் நம்மிடம் விதை வாங்கிப்போன ஸ்ரீவைகுண்டத்துப் பெண்கள் ஞாபகம் வந்து, பஸ் ஏறிப் போய் அவர்களிடம் கேட்டு ஒரு மூட்டை கொண்டுவந்தாள். நாற்றங்காலை இந்த முறை ஒரே இடத்தில் போடப்போவதில்லை. பாதி மேட்டில், மீதி பத்து நாள் தள்ளிக் கீழே. ஒரு மழை எல்லாவற்றையும் கொண்டுபோய்விடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. புரட்டாசி வெயிலில் அந்த மேட்டைக் கொத்திவிட்டு வந்து அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் நீ ஃபோன் செய்தாய். நானும் சரி என்றேன். அவள் வயலையும் விட்டுக்கொடுத்தேன், அவளையும் விட்டுக்கொடுத்தேன். பேச்சியை நினைத்து இத்தனை மாதம் புழுங்கிய அதே ஆள், அதே வாயால். புத்தி வருகிற வயது எது என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இருந்தாலும் அப்பன் அல்லவா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் வீட்டுக்காரியிடம் "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லும் முன்னால், அவள் பார்க்கச் சொன்னாளா என்று ஒரு தடவை யோசி. நம் வீட்டு ஆண்களுக்கு அது ஒரு வியாதி. ரொம்ப நல்ல குணம் மாதிரியே தெரியும், வைத்தியம் செய்துகொள்ளவே தோன்றாது. அம்மா உன்னிடம் வந்து இருக்க ஆசைப்பட்டால் நான் தடுக்கமாட்டேன், பேரப்பிள்ளை வந்தால் அவளே வந்து நிற்பாள். மண்ணை விட்டுப் போகக்கூடாது என்றும் நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் நான் அவளுக்காகப் பேசுவதாகத்தான் ஆகும். எதுவானாலும் என்னைக் கேட்காதே. அவள் நம்பருக்கு அடி. வயலில் இருந்தால் எடுக்கமாட்டாள், மறுபடி அடி. பட்டாவை அவள் பேருக்கு மாற்றுகிற வேலையை இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்று எழுத இருந்தேன். அதையும் அவளிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

இது வரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். பேச்சி பூட்டை உடைத்த இடத்தில் மட்டும் கை நின்றது. முடித்துவிட்டு, "ஏதாவது சேக்கணுமா?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தோணுனத எழுதிட்டிய. எனக்குள்ளத நான் அவன்ட்ட பேசிக்கிடுதேன்" என்றாள். இந்த வாரம் ஷட்டர் அவள் முறை. வெளியே மேகம் கறுத்து நின்றது. நான் செருப்பை மாட்டினேன். "இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா